பெட்டி வந்தது, பில்லும் வந்தது!

கடல் கடந்த கடைக்குப் போக இப்போது கப்பல் ஏற வேண்டியதில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அது பொங்குவதற்குள் கைப்பேசியிலேயே லண்டன் கடையில் ஒரு கைப்பை வாங்கி விடலாம். பணமும் அப்போதே கட்டியாகி விடும். "என்ன மலிவு தெரியுமா!" என்று அடுத்த வீட்டு மாமியிடம் சொல்லியும் ஆகிவிடும்.

சில நாள் கழித்துக் கூரியர்க்காரர் வருவார். பெட்டியை நீட்டுமுன் ஒரு காகிதத்தை நீட்டுவார். "சுங்க வரி கட்ட வேண்டும், அம்மா!"

"பணந்தான் அன்றைக்கே கட்டிவிட்டேனே!" என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் அன்று கட்டியது கடைக்காரருக்கு, இது சர்க்காருக்கு!

இந்த வரி எப்படி ஏறுகிறது என்று கொஞ்சம் பார்க்கலாமா? பயப்படாதீர்கள், பால் கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு பிரமாதமில்லை.

பையின் விலை 2,000 ரூபாய், அனுப்பும் கூலியும் இன்ஷூரன்ஸும் 500 ரூபாய் என்று வைத்துக் கொள்ளுங்கள். சுங்க இலாகாவின் கணக்கு 2,000 ரூபாயில் ஆரம்பிக்காது. 2,500 ரூபாயில்தான் ஆரம்பிக்கும். கூலிக்கும் சேர்த்துத்தான் வரி! விகிதம் சாமானுக்குச் சாமான் மாறும். கணக்குப் புரிவதற்காக அடிப்படை வரி நூற்றுக்கு 20 என்று கொள்வோம். அது 500 ரூபாய். அந்த வரியின்மேல் பத்தில் ஒரு பங்கு சமூகநல மேல்வரி. அது 50 ரூபாய். ஆக மொத்தம் 3,050. இந்த மொத்தத்தின்மேல் ஜி.எஸ்.டி. வருகிறது. நூற்றுக்கு 18 என்றால் 549 ரூபாய். கவனித்தீர்களா? வரிக்கும் வரி! 2,000 ரூபாய்ப் பை 3,599 ரூபாய்க்கு வந்து நிற்கிறது.

அத்துடன் முடிந்ததா? கூரியர் கம்பெனி உங்களுக்காக வரியை முன்பணமாகக் கட்டியிருந்தால், அந்தச் சிரமத்துக்கு ஒரு கட்டணம் கேட்கும். அந்தக் கட்டணத்துக்கும் ஜி.எஸ்.டி. உண்டு. சாமான் சின்னதாக இருந்தால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான்.

"அமெரிக்காவில் இருக்கும் தம்பியை வாங்கிப் பரிசாக அனுப்பச் சொன்னால்?" என்று ஒரு யோசனை தோன்றும். முன்பு அதற்கு வழி இருந்தது. 5,000 ரூபாய் வரையுள்ள பரிசுகளுக்கு வரி இல்லை. ஆனால் அந்தச் சலுகையைக் கண்டு, விற்ற சாமானையெல்லாம் 'பரிசு' என்று எழுதி அனுப்ப ஆரம்பித்தார்கள் சில வெளிநாட்டு வியாபாரிகள். 2019 டிசம்பரில் சர்க்கார் அந்தக் கதவைச் சாத்தி விட்டது. உயிர் காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டும் விலக்கு. தம்பி பாசத்தோடு அனுப்பினாலும் உரிய வரியைக் கட்டித்தான் பெட்டியைப் பிரிக்க வேண்டும்.

இந்தக் கணக்கு தெரியாமலிருப்பதில் பண நஷ்டத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. 'சுங்க வரி' என்ற வார்த்தையைக் கேட்டதும் நாம் மிரண்டு போகிறோமல்லவா? அந்த மிரட்சிதான் மோசக்காரர்களுக்கு மூலதனம். இணையத்தில் பழகிய யாரோ ஒரு 'வெளிநாட்டு நண்பர்' நகையும் கடிகாரமும் அனுப்பியிருப்பதாகச் சொல்வார். மறுநாள் 'சுங்க அதிகாரி' ஒருவர் பேசுவார். "பார்சல் பிடிபட்டிருக்கிறது, உடனே பணம் அனுப்பாவிட்டால் கைது!" என்பார். வீட்டில் சொல்லவும் கூச்சம், சும்மா இருக்கவும் பயம். சிறுவாட்டுப் பணமெல்லாம் இப்படிப் போய்விடும்.

ஒன்றை மனத்தில் முடிந்து வைத்துக் கொள்ளுங்கள். சுங்க இலாகா எந்தத் தனி மனிதரின் வங்கிக் கணக்கிலும் வரி கட்டச் சொல்லாது. இலாகா அனுப்பும் கடிதத்தில் ஓர் ஆவண அடையாள எண் இருக்கும். மத்திய மறைமுக வரிகள் வாரியத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டு நிஜமா, பொய்யா என்று பார்த்து விடலாம். ஏமாந்து விட்டால் வெட்கப்பட்டு மூடி வைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணில் புகார் சொல்லுங்கள்.

இனி, வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது என்ன? கடைக்காரர் காட்டும் விலையில் இறக்குமதி வரியும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்திருந்தால் அந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாசலில் மறுபடி கேட்டால் அதைக் காட்டலாம். சேரவில்லையென்றால், மேலே போட்ட கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள். பிடிக்காவிட்டால் சாமானைத் திருப்பி அனுப்பி விடலாமே என்று எண்ண வேண்டாம். கடைக்காரர் விலையைத் திருப்பித் தந்தாலும், கட்டிய வரியைத் திரும்பப் பெறுவது தனிப் பாடு. வரி அதிகமாகப் போட்டிருப்பதாகத் தோன்றினால் தயங்காமல் விவரம் கேளுங்கள். நீங்கள் கொடுத்த விலைக்கு அத்தாட்சி காட்டுங்கள். தீர்மானம் கைக்கு வந்த 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

கத்தரிக்காய் வாங்கும்போது கூடக் காம்பைத் திருப்பிப் பார்த்து வாங்குகிறவர்கள் நாம். சீமைச் சாமானை மட்டும் படத்தைப் பார்த்தே வாங்கி விடலாமா? அதற்குக் காம்பு கிடையாது, கணக்குத்தான் காம்பு!