பில் போடும் கம்ப்யூட்டரைப் புதுப்பிக்கும் முறை

நம் உறுப்பினர்களில் பலர் பில், இருப்பு, ஆர்டர் எல்லாவற்றையும் இப்போது வெளிக் கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களில்தான் வைத்திருக்கிறோம். 2024 தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒருநாள், காலை முதல் மாலை வரை எங்கள் கடையில் ஒரு பில் கூடப் போட முடியவில்லை. சரக்கு ஏற்ற வந்த வண்டிகள் வாசலில் நின்றன. பழைய பில் புத்தகத்தைத் தேடி எடுத்துக் கையால் எழுதி அனுப்பினோம். கேட்டதற்கு, "கிளஸ்டரை அப்கிரேடு செய்தோம்" என்றார்கள். அது என்னவென்று விசாரித்து அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

மென்பொருளைச் சிறு சிப்பங்களாகக் கட்டி ஓட்டுகிறார்கள். அதற்குக் கன்டெய்னர் என்று பெயர் (கப்பலில் வரும் பெட்டி அல்ல). பல கம்ப்யூட்டர்கள் சேர்ந்த கூட்டம் கிளஸ்டர். எந்தச் சிப்பம் எந்தக் கம்ப்யூட்டரில் ஓட வேண்டும் என்று கவனிக்கும் தலைமைக் கணக்குப்பிள்ளைதான் குபர்னெட்டிஸ். 2014-ல் கூகுள் வெளியிட்டது. ஆண்டுக்குச் சுமார் மூன்று புதிய பதிப்புகள் வருகின்றன. ஒரு பதிப்புக்குத் திருத்தங்கள் கிடைப்பது சுமார் 14 மாதம்தான். ஆகவே புதுப்பிக்காமலும் இருக்க முடியாது.

முதலில் பேரேட்டுக்கு நகல் எடுக்க வேண்டும். கிளஸ்டரின் பேரேடு எட்சிடி என்னும் தரவுத்தளம். பிறகு தலைமைப் பகுதி. இதில் படி தாண்டக்கூடாது, 1.30-லிருந்து 1.32-க்குப் போக வேண்டுமானால் 1.31-ல் நின்றுதான் ஏற வேண்டும். அதன்பின் வேலை செய்யும் கம்ப்யூட்டர்கள், ஒவ்வொன்றாக. புதுச் சிப்பம் வராதபடி ஒன்றை அடைத்து, உள்ளே ஓடுவதை மற்றவற்றுக்கு மாற்றி, புதுப்பித்துத் திறக்கிறார்கள். கிட்டங்கிக்கு வெள்ளையடிக்கும்போது நாம் ஒவ்வொரு அறையாக ஒழிப்பதில்லையா, அதே வேலைதான். ஆனால் ஒரு சிப்பத்துக்கு ஒரே பிரதிதான் ஓடுகிறது என்றால், அதை மாற்றும் நேரம் கடை மூடியதாகத்தான் கணக்கு. எங்களுக்கு நடந்தது இதுதான் என்று பின்னர் ஒப்புக்கொண்டார்கள்.

பெரிய இடத்திலும் சறுக்குகிறது. 2023 மார்ச் 14-ல் அமெரிக்காவின் ரெட்டிட் நிறுவனம் 1.23-லிருந்து 1.24-க்கு ஏறியது, 314 நிமிடம் படுத்துவிட்டது. தலைமைக் கம்ப்யூட்டர்களுக்கு ஒட்டியிருந்த 'மாஸ்டர்' என்ற சீட்டைப் புதிய பதிப்பு எடுத்துவிட்டது. அவர்களுடைய நெட்வொர்க் அமைப்போ அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் வழி கண்டுகொண்டிருந்தது. ஒரு பெயர்ச்சீட்டு, அவ்வளவுதான். பழைய பதிப்புக்கு அப்படியே இறங்கும் வசதி கிடையாது. எடுத்து வைத்த நகலிலிருந்துதான் மீட்டார்கள்.

ஆகவே உறுப்பினர்கள் தங்கள் கம்பெனியிடம் கேட்க வேண்டியவை: நகலிலிருந்து மீட்டு ஒருமுறையாவது ஒத்திகை பார்த்தீர்களா? எங்கள் பில்லுக்கு எத்தனை பிரதி ஓடுகிறது? இதே அமைப்பில் சோதனைக் கிளஸ்டர் ஒன்று உண்டா? நாங்கள் மூன்றையும் கேட்டோம். தீபாவளி, பொங்கல், மார்ச் கணக்கு முடிப்பு நாட்களில் கை வைப்பதில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருக்கிறோம். இனி ஆடி மாதம் செய்துகொள்ளட்டும்.