மைசூர் மகாராஜா தாங்கிப் பிடித்த லண்டன் இசைக் குழு

பெங்களூரு ஆஸ்டின் டவுனில் வசிப்பவர்கள் வாகன உதிரி பாகம் வாங்க வேண்டுமென்றால் ஜே.சி. ரோடுக்குத்தான் போவார்கள். அந்த இரண்டு எழுத்துகளுக்குள் ஒளிந்திருப்பவர் மைசூரின் கடைசி மகாராஜாவான ஜெயசாமராஜேந்திர உடையார்.

ஆஸ்டின் டவுனுக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு அந்தப் பெயர்ப் பலகையோடு முடிவதல்ல. தமிழர்கள் பெருமளவில் குடியேறிய கன்டோன்மென்ட் பகுதி நீண்ட காலம் ஆங்கிலேயரின் நேரடி நிர்வாகத்தில் இருந்தது. 1947 ஜூலையில்தான் அது மைசூர் அரசிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. அங்கிருந்த தமிழர்கள் மகாராஜாவின் குடிமக்களான சில வாரங்களிலேயே நாடு விடுதலை பெற்றுவிட்டது.

தமிழகத்தின் மூத்த தலைமுறைக்கு அவரை வேறு விதத்தில் தெரியும். 1964 மே முதல் 1966 ஜூன் வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் அவர்.  ஆனால், லண்டனின் புகழ்பெற்ற இசைக் குழு ஒன்று அதன் தொடக்க ஆண்டுகளில் மைசூர்ப் பணத்தால் தாக்குப் பிடித்தது என்பது இங்கு அதிகம் பேசப்படாத செய்தி.

அந்தக் குழு பில்ஹார்மோனியா. இ.எம்.ஐ. நிறுவனத்தின் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் வால்டர் லெக் 1945-ல் அதைத் தொடங்கினார். அந்த ஆண்டு அக்டோபர் 27-ம் தேதி கிங்ஸ்வே ஹாலில் நடந்த முதல் கச்சேரி முழுவதும் மொசார்ட்டின் படைப்புகள்தான். நடத்தியவர் சர் தாமஸ் பீச்சம். அதற்காக அவர் பெற்றுக் கொண்ட சன்மானம் ஒரு நல்ல சுருட்டு மட்டுமே என்று சொல்வார்கள்.

போருக்குப் பிந்தைய லண்டனின் தலைசிறந்த கலைஞர்களை லெக் ஒவ்வொருவராகத் தேடிச் சேர்த்தார். கொம்பு வாத்தியத்தில் டென்னிஸ் பிரெயின், புல்லாங்குழலில் கேரத் மோரிஸ், ஓபோவில் சிட்னி சட்கிளிஃப், முதல் வயலினில் மனூக் பரிக்கியான் என அமைந்த வரிசை அது. குறிப்பாக பிரெயின், அடங்க மறுக்கும் வாத்தியமான கொம்பை மனிதக் குரல் போலப் பாட வைத்தவர். கராயனுடன் 1953-ல் அவர் பதிவு செய்த மொசார்ட் கொம்பு கான்செர்ட்டோக்கள் இன்றும் விற்பனையில் உள்ளன. 1957 செப்டம்பர் 1-ம் தேதி, எடின்பரோவிலிருந்து காரை ஓட்டித் திரும்பும் வழியில் விபத்தில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 36.

கலைஞர்கள் கிடைத்தார்கள், பணம்தான் கிடைக்கவில்லை. அரசு மானியமும் இல்லை. அந்த நேரத்தில்தான் மைசூரிலிருந்து உதவி வந்தது.

உடையார் இளம் வயதில் பியானோ கலைஞராக விரும்பியவர். 1940-ல் தந்தையும் பெரியப்பாவும் சில மாத இடைவெளியில் காலமாகவே, 21 வயதில் அரியணை ஏற வேண்டியதாயிற்று. லண்டனில் வறுமையிலும் நோயிலும் வாடிய ரஷ்ய இசையமைப்பாளர் நிக்கோலாய் மெட்னரின் படைப்புகளைப் பதிவு செய்ய அவர் நிதி அளித்தார். மெட்னரே பியானோ வாசிக்க, பில்ஹார்மோனியா உடன் இசைத்தது. மெட்னர் தமது மூன்றாவது பியானோ கான்செர்ட்டோவை மகாராஜாவுக்குக் காணிக்கையாக்கினார்.

பின்னர் லெக்கை மைசூருக்கு அழைத்த மகாராஜா, ஆண்டுக்கு 10 ஆயிரம் பவுன் வீதம் 3 ஆண்டுகளுக்கு உதவ முன்வந்தார் என்கிறது லெக்கின் நினைவுக் குறிப்பு. அன்றைய மாற்று விகிதப்படி இது ஆண்டுக்குச் சுமார் ஒன்றே கால் லட்சம் ரூபாய்க்குச் சற்று அதிகம். அவருக்கு நிர்ணயிக்கப்பட்ட மன்னர் மானியமான 26 லட்சத்தில் ஏறக்குறைய 20-ல் ஒரு பங்கு. இந்த ஆதரவின் பலனாக, வணிக நிறுவனங்கள் தொடத் தயங்கிய பாலகிரேவ், ரூசெல் ஆகியோரின் சிம்பொனிகளை 1949-ல் ஹெர்பர்ட் வான் கராயன் இக்குழுவைக் கொண்டு பதிவு செய்தார்.

இதில் அரசியல் இல்லாமல் இல்லை. பொறுப்பாட்சி கேட்டு 'மைசூர் சலோ' போராட்டம் நடந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. மைசூர் மக்களின் வரிப் பணத்தில் உருவான செல்வம் லண்டன் இசைக்குப் போகலாமா என்ற கேள்வி அன்றும் நியாயமானது, இன்றும் நியாயமானதே. போதாததற்குக் கராயன் முன்னாள் நாஜிக் கட்சி உறுப்பினர். கச்சேரி நடத்த அவருக்கு விதிக்கப்பட்ட தடை 1947-ல்தான் நீங்கியிருந்தது. மகாராஜாவின் தரப்பிலும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் கர்நாடக இசையைக் கைவிட்டவரல்லர். வாசுதேவாச்சாரியாரிடம் பயின்று, ஸ்ரீவித்யா முத்திரையுடன் 94 கிருதிகள் இயற்றியவர்.

சமஸ்தானம் கரைந்து அவர் ராஜபிரமுகர் ஆன பின், 1950-களின் தொடக்கத்தில் லண்டனுக்கான உதவி நின்றது. 1964-ல், உடையார் ஆளுநராகச் சென்னை வந்த அதே ஆண்டில், குழுவைக் கலைப்பதாக லெக் அறிவித்தார். கலைஞர்கள் பணியவில்லை. தாங்களே நிர்வகிக்கும் 'நியூ பில்ஹார்மோனியா'வை அமைத்தனர். பழைய பெயரை 1977-ல் மீட்டனர். புரவலர் போனாலும் குழு நிற்க முடியும் என்பதைக் காட்டியவர்கள் அவர்களே.

மன்னர் மானியத்தின் கதை நாடாளுமன்றம் அறிந்தது. 1970 செப்டம்பரில் மக்களவை நிறைவேற்றிய ஒழிப்பு மசோதா, மாநிலங்களவையில் ஒரு வாக்குக்கும் குறைவான பின்னத்தில் தோற்றது. 1971-ல் 26-வது திருத்தம் அதை முடித்து வைத்தது. உடையார் 1974 செப்டம்பரில் காலமானார். மகன் ஸ்ரீகண்டதத்தர் காங்கிரஸ் சார்பில் நான்கு முறை மக்களவைக்குச் சென்றார். தத்து வழியில் வாரிசான யதுவீர், பாஜக சார்பில் 2024-ல் மைசூர் தொகுதியில் வென்றார்.

மகாராஜாவின் உதவிகளில் மிகவும் பேசப்படுவது 1950 மே 22-ம் தேதிக் கச்சேரி. முந்தைய ஆண்டு மறைந்த ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'நான்கு இறுதிப் பாடல்கள்' ராயல் ஆல்பர்ட் ஹாலில் முதன்முறையாக அரங்கேறின. பாடியவர் கிர்ஸ்டன் பிளாக்ஸ்டாட், நடத்தியவர் பூர்ட்வாங்லர். நஷ்டம் வந்தால் ஈடுகட்ட 4,800 டாலர் உத்தரவாதம் கொடுத்த மகாராஜா, அந்தக் கச்சேரி பதிவு செய்யப்பட்டுத் தமக்கு வந்து சேர வேண்டும் என்று விரும்பினார். சுமார் 20 ஆயிரம் இசைத்தட்டுகள் இருந்த அவரது சேகரிப்பில் அதுவும் சேர வேண்டியிருந்தது. தேய்ந்த தட்டுகளிலிருந்து எடுக்கப்பட்ட அந்தப் பதிவு இன்று வெளியீடாகக் கிடைக்கிறது. கீறல் ஒலிகளுக்கு நடுவே பிளாக்ஸ்டாட்டின் குரலையும், கடைசிப் பாட்டில் பில்ஹார்மோனியாவின் புல்லாங்குழல்களையும் கேட்க முடிகிறது.