சயாமுக்குப் போனவர்கள்

சயாம் என்று நம்மவர் சொன்ன தாய்லாந்தின் காஞ்சனபுரி ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஜப்பானியரிடம் கைதிகளாக இருந்து, பர்மாவுக்கு ரயில் பாதை போடும் வேலையில் மாண்ட நேச நாட்டு வீரர்கள் ஏறக்குறைய 7,000 பேர் அங்கே துயில்கிறார்கள். பெரும்பாலான கற்களில் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள் எல்லாம் உண்டு. அதே ரயில் பாதையில் செத்துவிழுந்த மலாயாத் தோட்டத் தமிழருக்கு ஆளுக்கொரு கல் கிடையாது.

1941 டிசம்பர் 8-இல் கோத்தபாருவில் கரையிறங்கிய ஜப்பானியப் படை, 70 நாளில் சிங்கப்பூரைப் பிடித்தது. அடுத்து பர்மா. அங்கிருந்த படைக்குக் கடல்வழியே சோறும் குண்டும் அனுப்ப நீர்மூழ்கிகள் விடவில்லை. ஆகவே சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்புசாயத் வரை, மலையும் காடுமாகக் கிடந்த நிலத்தில் 415 கிலோமீட்டர் ரயில் பாதை.

அதைப் போடக் கைதிகள் மட்டும் போதவில்லை. மலாயாவிலோ போரால் ரப்பர் ஏற்றுமதி நின்றிருந்தது. தோட்டங்களில் வேலை இல்லை, அரிசி இல்லை. கூலி தருகிறோம், சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்று ஜப்பானியர் முதலில் ஆசை காட்டினார்கள். பிறகு தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கே வந்து பிடித்துச் சரக்கு வேகன்களில் ஏற்றினார்கள். குடும்பத்தோடு போனவர்களும் உண்டு.

கைதிகளும் பட்டினி கிடந்தார்கள், அடிபட்டார்கள். ஆனால் அவர்களுடன் ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொல்ல, செத்தவன் பெயரை ஒளித்துவைத்த தாளில் குறிக்க அதிகாரிகள் இருந்தார்கள். தமிழனுக்கு யார் இருந்தார்? 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது தொழிலாளர் முகாம்கள் கூண்டோடு சரிந்தன.

அந்த அக்டோபரில் பாதை முடிந்தது. சுமார் 60,000 கைதிகளில் 12,000-க்கு மேற்பட்டோர் பலி. பர்மியர், தமிழர், ஜாவானியர், மலாய்க்காரர் என்று 2 லட்சம் அளவில் இருந்த ஆசியத் தொழிலாளரில் 90,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்கிறார்கள். இந்த 'இருக்கலாம்'தான் எனக்குப் பொறுக்கவில்லை. எண்ணிப் பார்க்கக்கூட ஆளில்லாமல் போனவர்கள் அவர்கள்.

உலகம் இந்தப் பாதையை அறிந்தது 1957-இல் வந்த குவாய் நதிப் பாலத் திரைப்படத்தால். இலங்கையின் கித்துல்கலயில் எடுத்த படம். கதை பிரிட்டிஷ் கைதிகளுடையது. தோட்டத் தமிழர் அதில் இல்லை.

1951 சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கை, நேச நாட்டுக் கைதிகளுக்குச் செஞ்சிலுவைச் சங்கம் வழியே பணம் கிடைக்க வழிசெய்தது. தோட்டங்களிலோ, புருஷன் செத்தானா காட்டில் தப்பினானா என்று சொல்ல ஆளில்லாமல், தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் பெண்கள் காத்திருந்தார்கள். 1967-இல் போர்க்காலத் துயரங்களுக்காக மலேசியாவுடன் ஜப்பான் ஒப்பந்தம் செய்துகொண்டு 2.5 கோடி மலேசிய டாலர் தந்தது. அது இரண்டு சரக்குக் கப்பல்களாக வந்து சேர்ந்தது.