ஒரு எச்.பி. மோட்டாரிலிருந்து மூன்று கிலோவாட் வருமா?

ஒரு எச்.பி. மோட்டார், பெல்ட், ஐம்பது கிலோ ஃபிளைவீல், மறுமுனையில் 3 கிலோவாட் ஆல்டர்னேட்டர். ஈ.பி. கரண்டில் சுழலவிட்டு, வேகம் பிடித்ததும் மோட்டார் பிளக்கைப் பிடுங்கி ஆல்டர்னேட்டரிலேயே சொருகுகிறார்கள். பல்பு எரிகிறது. இனி கரண்ட் பில்லே கிடையாதாம். இப்படிப்பட்ட யூடியூப் வீடியோவைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் சிலவற்றின் கீழே முன்பணம் கேட்டு ஒரு வாட்ஸ்அப் எண்ணும் இருக்கிறது.

அனுப்புவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். சுழலும் தண்டின் முறுக்குவிசையை (டார்க்) அதன் சுழல்வேகத்தால் பெருக்கினால் வருவது திறன், அதாவது வாட். சுழல்வேகம் வேண்டுமானால் ஆர்.பி.எம்மை 9.55ஆல் வகுக்க வேண்டும். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு நான்கு துருவ ஆல்டர்னேட்டர் 1500 ஆர்.பி.எம்மில் ஓட வேண்டும்; சுழல்வேகம் 157. இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 3000 வாட்டுக்கு 19 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தேவை. ஒரு எச்.பி. என்பது 746 வாட். அதே வேகத்தில் அது தருவது ஐந்துகூட இல்லை. புல்லியை மாற்றி முறுக்குவிசையைக் கூட்டினால் அதே விகிதத்தில் வேகம் இறங்கிவிடும்.

ஃபிளைவீல் முன்பு கொடுத்ததைத் திருப்பித் தரும், அவ்வளவே. 25 செ.மீ. ஆரமுள்ள ஐம்பது கிலோ தட்டு 1500 ஆர்.பி.எம்மில் ஏறக்குறைய 19,000 ஜூல் வைத்திருக்கும். ஒரு கிலோவாட் அயர்ன் பாக்ஸுக்கு 19 விநாடி. வோல்டேஜ் அதற்கு முன்பே படுத்துவிடும். வீடியோவில் ‘கட்’ எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

டீசல் எஞ்சின், ஓடை நீர், காற்று என்று உண்மையான மூலம் இருந்தால் வீட்டிலேயே ஜெனரேட்டர் கட்டுவது நல்ல வேலைதான். 70 சதவீதச் செயல்திறனில் ஒரு கிலோவாட் எடுக்கத் தண்டில் சுமார் 1430 வாட் வேண்டும், இரண்டு எச்.பி. எஞ்சின் திணறும், மூன்றாக வாங்குங்கள். ஃபிளைவீலும் சேர்த்தால், மேலே சொன்ன தட்டின் விளிம்பு மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. வெல்டிங் விட்டால் என்ன ஆகும் என்று யோசித்து இரும்புக் கூண்டு போடுங்கள். எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதை வீட்டுக்குள் ஓட்டவே கூடாது.

எல்லாவற்றையும்விடப் பயங்கரம் ரிட்டர்ன் சப்ளை. சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு லைனில் கொடுத்தால், தெரு டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தலைகீழாக 11,000 வோல்ட்டுக்கு உயர்த்திவிடக்கூடும். சப்ளை இல்லை என்று நம்பிக் கம்பத்தில் நிற்கும் லைன்மேனின் உயிர் உங்கள் கையில்.

‘பேட்டன்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டோம்’ என்பார்கள். விண்ணப்பம் யாரும் போடலாம். இயற்கை விதிகளுக்கு வெளிப்படையாக முரண்படுவதைக் காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு கண்டுபிடிப்பாகவே ஏற்பதில்லை.

ஏமாந்துவிட்டீர்களா? பணம் ஆன்லைனில் போயிருந்தால் உடனே 1930க்குச் சொல்லுங்கள். தாமதித்தால் பணத்தை முடக்குவது கடினம். பொருள் வந்து, சொன்னபடி ஓடவில்லை என்றால் 1915 நுகர்வோர் உதவி எண். அதிலும் தீரவில்லையா, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடலாம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, செலுத்திய விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. வீடியோவையும் விளம்பரத்தையும் இன்றே சேமித்துவையுங்கள், புகார் போனதும் அவை காணாமல் போகலாம். வாங்கியது வியாபாரத்துக்கு என்றால் ‘நுகர்வோர்’ ஆகமாட்டீர்கள். சொந்தப் பிழைப்புக்கான சிறு தொழில் என்றால் அதை மனுவில் தெளிவாக எழுதுங்கள்.