மோட்டார் ஹோமில் தங்கி, பாலையில் நடந்து

கலிபோர்னியாவின் மிகப் பெரிய மாநிலப் பூங்கா அன்ஸா-பொரேகோ. சான் டியாகோ நகருக்கு வடகிழக்கே, காரில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத் தொலைவில், சுமார் 6 லட்சம் ஏக்கரில் விரிந்து கிடக்கும் பாலைவனம் இது. கோடையில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இங்கே வழக்கம். அப்போது நெடுந்தூரம் நடப்பது உயிருக்கே ஆபத்து. நவம்பர் முதல் மார்ச் வரை நிலைமை தலைகீழ். ஜனவரிப் பகல் 20 டிகிரியை ஒட்டி இதமாக இருக்கும். பனியில் உறைந்த வட மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஓய்வுபெற்றவர்கள் மோட்டார் ஹோம்களில் தெற்கே இறங்கி வருவது இந்தக் காலத்தில்தான்.

படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உள்ளேயே அமைந்த வண்டி மோட்டார் ஹோம். குளிர்கால நடைக்கு அது கைகொடுப்பது சொகுசால் அல்ல, நேரத்தால். டிசம்பரில் மாலை 5 மணிக்குள் சூரியன் மறைந்துவிடுகிறது. மேற்கே மலைச்சுவர் நிற்கும் பள்ளத்தாக்குகளில் அதற்கு வெகு முன்பே நிழல் விழுந்துவிடும். வெளியூரிலிருந்து வருகிறவருக்கு அந்தச் சிறிய பகலில் பாதி சாலையிலேயே போய்விடும். பூங்காவுக்குள் இரவு தங்கியவரோ விடியும்போதே பாதையில் காலெடுத்து வைக்கலாம்.

பொரேகோ பாம் கேன்யன் முகாமில் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் மூன்றுக்கும் இணைப்புள்ள இடங்கள் உண்டு. வண்டியின் நீளம் இடத்துக்குப் பொருந்துமா என்று பார்த்து முன்பதிவு செய்வது அவசியம். இணைப்பில்லாத இடத்தில் தங்குகிறவர்கள் இரவுக் குளிரை முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும். வெப்பம் 6, 7 டிகிரிக்கு, சில இரவுகளில் அதற்கும் கீழே, இறங்கிவிடும். ஹீட்டர் புரொப்பேன் வாயுவில் எரிந்தாலும், சூடான காற்றை உள்ளே தள்ளும் விசிறி பேட்டரியில்தான் ஓடுகிறது. கலிபோர்னிய மாநிலப் பூங்காக்களில் ஜெனரேட்டரைக் காலை 10 மணி முதல் இரவு 8 மணி வரை மட்டுமே இயக்கலாம். பகலில் பேட்டரி நிரம்பாவிட்டால் விடியற்காலையில் ஹீட்டர் நின்று, வண்டிக்குள் சில்லிட்டுவிடும்.

இந்த முகாமின் ஓரத்திலிருந்தே பூங்காவின் பேர்பெற்ற பாதை தொடங்குகிறது. போக வர 5 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. வறண்ட ஓடைப்படுகையின் கற்களினூடே மெல்ல ஏறி, கடைசியில் பாறைகளுக்கு நடுவே பசுமையான ஒரு தோப்பில் அது கொண்டுபோய் விடுகிறது. அங்கிருப்பவை விசிறிப்பனைகள், கலிபோர்னியாவில் இயற்கையாக வளரும் ஒரே பனை இனம். நம் பனையின் ஓலையைப் போலவே விரிந்த ஓலை. காய்ந்த ஓலைகள் உதிராமல் தண்டைச் சுற்றித் தொங்கி, பறவைகளுக்கும் வௌவால்களுக்கும் அடைக்கலம் தருகின்றன. வேர்கள் எப்போதும் ஈரத்தில் இருந்தால்தான் இவை பிழைக்கும் என்பதால், பாலையில் இப்படியொரு தோப்பு தென்பட்டால் அங்கே நிலத்தடி நீர் மேலே கசிகிறது என்று பொருள். கவீயா பழங்குடியினர் இந்தப் பனையின் பழத்தை உண்டார்கள். ஓலையால் குடில் வேய்ந்தார்கள். அவர்கள் விதைகளை இடித்த குழிகள் வழியோரப் பாறைகளில் இன்றும் இருக்கின்றன. 2004 செப்டம்பரில் வந்த திடீர் வெள்ளம் பல மரங்களை வேரோடு பெயர்த்து அடித்துச் சென்றது. 2020 ஜனவரியில் தோப்பில் தீப்பிடித்தது. தண்டு கருகினாலும் பனை பெரும்பாலும் சாவதில்லை. மற்ற மரங்களைப் போலப் பட்டைக்கு அடியில் மட்டும் இல்லாமல், அதன் நீர்க்குழாய்கள் தண்டு முழுவதும் பரவியிருக்கின்றன.

தோப்பைப் பார்க்கும் அவசரத்தில் மலைச்சரிவுகளைக் கவனிக்காமல் போவது பெரிய இழப்பு. 1998 முதல் அமெரிக்க அரசின் அழியும் நிலை உயிரினப் பட்டியலில் உள்ள பெருங்கொம்புச் செம்மறிகள் இந்தப் பாறைகளில்தான் மேய்கின்றன. பாறையின் நிறமே அவற்றின் நிறமும் என்பதால், அசையும்வரை கண்ணுக்குப் புலப்படா. தொலைநோக்கி இருந்தால் நல்லது.

குளிர்காலம் என்று தண்ணீரைக் குறைக்கக் கூடாது. வறண்ட காற்று வியர்வையை உடனே உறிஞ்சிவிடுவதால் உடல் இழக்கும் நீர் உடனே தெரியாது. இந்தச் சிறு நடைக்கும் ஒருவருக்கு 2 லிட்டராவது வேண்டும். சோய்யா என்ற கள்ளியின் துண்டு லேசாக உரசினாலே உடலில் ஒட்டிக்கொள்ளும்; கையால் இழுத்தால் கையிலும் ஏறும். சீப்பால் நெம்பி எடுப்பதே வழி. நாய்களுக்குப் பாதையில் அனுமதியில்லை. மேற்கே மலையில் மழை பெய்தால் இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே ஓடையில் வெள்ளம் வரலாம். மழை அறிவிப்பு உள்ள நாளில் பள்ளத்தாக்குக்குள் போகவே கூடாது.

நல்ல மழை பெய்த ஆண்டுகளில் பிப்ரவரி, மார்ச்சில் பாலையே பூத்துக் குலுங்கும். 2017, 2019 பூக்காலங்களில் வந்து குவிந்த கூட்டத்தில் அருகிலுள்ள பொரேகோ ஸ்பிரிங்ஸ் ஊரே திணறியது. பூக்களுக்காக வருகிறவர்கள் அப்போது வரட்டும்; நிம்மதியாக நடக்க விரும்புகிறவருக்கு ஜனவரியின் வார நாட்களே ஏற்றவை.