வரைபடத்திற்கு முன் வீட்டுக்காரரைக் கேட்டார்கள்: தரங்கம்பாடி காட்டும் வழி

சிலிம் ரிவர் வட்டாரத்தில் தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்கு வீடு என்ற பேச்சு எழுந்தால், எத்தனை அறை, மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதோடு அது முடிந்துவிடும். துக்கம் நடந்தால் பெட்டியை எங்கே வைப்பது, கல்யாணப் பந்தல் போட இடமுண்டா, பாட்டி மாலையில் எங்கே உட்காருவார் என்பதெல்லாம் சாவி கைக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வரும். லயன் வீட்டில் வசதி குறைவுதான். ஆனாலும் முன்வாசலும் கொல்லைப்புறத்து முருங்கையும் இருந்தன.

இந்தக் கேள்விகளை முதலிலேயே கேட்டு வீடு கட்டிய ஊர்கள் தமிழ்நாட்டில் உள்ளன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது அம்மாவட்டத்தில் இருந்த தரங்கம்பாடியிலும் (சீகன்பால்கு தமிழ் நூல்களை அச்சிட்ட அதே ஊர்தான்) அருகிலுள்ள சின்னங்குடியிலும் வீடு கட்டும் பொறுப்பைத் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு ஏற்றது. வடிவமைத்தவர், சென்னையைத் தளமாகக் கொண்ட கட்டடக் கலைஞர் பென்னி குரியகோஸ். குறைந்த செலவில் வீடு கட்டுவதில் பெயர் பெற்ற லாரி பேக்கரிடம் தொழில் பழகியவர்.

அரசு வரையறை எல்லா ஊருக்கும் ஒன்றுதான். ஏறக்குறைய 325 சதுர அடி, ஒன்றரை லட்சம் ரூபாய். பல ஊர்களில் குத்தகையாளர்கள் முதலில் நிலத்தைத் துப்புரவாக்கித் தரச் சொன்னார்கள். மரங்கள் வெட்டப்பட்டன. பிறகு ஒரே அச்சில் வார்த்ததுபோல் கான்கிரீட் வீடுகள் வரிசையாக எழுந்தன. அவர்களுக்கு அது வேகமான வழி. நிழலில்லாத மணல்வெளியில் அந்தக் கூரை நண்பகலில் எப்படிக் கொதிக்கும் என்பதைத் தகரக் கூரையின் கீழ் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்த இரண்டு ஊர்களிலும் வேலை வேறு விதமாகத் தொடங்கியது. குடும்பங்களைச் சந்தித்துப் பேசினார்கள். வீட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மாதிரிகள் இருந்தன. குடும்பத்தின் தேவைக்கும் மனையின் அளவுக்கும் ஏற்ப அவை மாறின. இருந்த மரங்களைக் காப்பாற்றுவதற்கும் இடம் கொடுத்தார்கள். கடலோரத்தில் வளர்ந்த மரத்தை வெட்ட அரை மணி நேரம் போதும். அதே நிழல் மீண்டும் கிடைக்கப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். சுமார் ஆயிரம் வீடுகளுக்கு இப்படிப் பேசுவது லேசான காரியம் அல்ல. நாள் கூடும், அலைச்சல் கூடும். இடையில் யாராவது மனம் மாறினால் கோடுகளை அழித்து மறுபடி போட வேண்டும்.

செலவைக் குறைக்கும் நுட்பங்களும் உண்டு. பேக்கர் கேரளாவில் பரப்பிய ‘எலிப்பொறிக் கட்டு’ முறையில் செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவார்கள். சுவருக்குள்ளே வெற்றிடம் உண்டாகும். அதனால் செங்கல் கால்பங்கு மிச்சமாகும். உள்ளே இருக்கும் காற்று வெயிலின் சூட்டைத் தடுக்கும். கூரைக் கான்கிரீட்டின் அடிப்பாகத்தில் பழைய ஓடுகளைப் பதித்தால் சிமெண்டும் இரும்பும் குறையும்.

இவை அனைத்தையும் அப்படியே பேராக்கில் செய்ய வேண்டியதில்லை. இங்கே வெயிலுக்கு நிகராக மழையும் புழுக்கமும் உண்டு. இங்கு உதவுவது, கம்பத்து வீடுகள் என்றைக்கோ கண்டுபிடித்தவைதான்: உயர்த்திய தரை, சுவரைத் தாண்டி நீளும் கூரை, எதிரெதிரே சன்னல். கோலாலம்பூர் தாவரவியல் பூங்காவில் எலினா ஜமிலின் சிறிய நிறுவனம் மூங்கிலால் அமைத்து 2015இல் திறக்கப்பட்ட மண்டபமும் கம்பத்து ‘வாக்காஃப்’ குடிலை நினைவில் வைத்தே எழுந்தது.

கூரையை மூன்றடி நீட்டுவதற்கும், சன்னலைக் காற்று வரும் பக்கம் திருப்புவதற்கும், வாசலில் பந்தல் அளவுக்கு இடம் விடுவதற்கும் பெரிய செலவு ஆகாது. ஆனால் அவை அடித்தளம் தோண்டிய பிறகு வரும் யோசனைகளாக இருக்கக் கூடாது. வரைபடம் ஒப்புதலுக்குப் போகும் முன்பே குடியிருக்கப் போகிறவர்கள் கட்டடக் கலைஞருடன் ஒரு கூட்டம் கேட்கலாம். அந்தக் கூட்டத்தில் வீட்டுப் பெண்களும் வயதானவர்களும் இருப்பது அவசியம். அடுப்படி எந்தப் பக்கம் இருந்தால் புகை உள்ளே வராது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.