காலங்கடந்து வந்த கோப்பை

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், டான்வில் நகரில், 1921-ஆம் ஆண்டு கறுப்பினக் குடும்பமொன்றில் பிறந்தவர் வெண்டல் ஸ்காட். இரண்டாம் உலகப் போரின்போது இராணுவ வாகனங்களைப் பழுதுபார்த்த அவர், 1952-இல் மண்தடக் கார்ப் பந்தயங்களில் இறங்கினார். வசைமொழிகளைப் பொறுத்துக்கொண்டார். செல்வர் எவரும் அவரை ஆதரிக்கவில்லை. பழைய கார்களை வாங்கித் தாமே செப்பனிட்டார். புதல்வர்களே அவருக்கு உதவியாளர்கள்.

1963 டிசம்பர் 1 அன்று, புளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் அரை மைல் மண்தடத்தில் நடைபெற்ற நாஸ்கார் பந்தயத்தில் 200 சுற்றுகளையும் முதலில் முடித்தவர் ஸ்காட். எனினும் அவருக்காகக் கொடி அசைக்கப்படவில்லை. பக் பேக்கர் என்னும் வெள்ளையரே வென்றதாக அறிவிக்கப்பட்டது. ஸ்காட் முறையிட்டார். கூட்டம் கலைந்த பின்னரே, சுற்றுகளை எண்ணியதில் பிழை என்று ஒப்புக்கொண்டனர். பரிசுப் பணம் கிடைத்தது. கோப்பையோ பேக்கருடன் போய்விட்டது. கறுப்பர் ஒருவர் பரிசு மேடையேறுவதை அவர்கள் விரும்பவில்லை என்றே ஸ்காட் கருதினார்.

அவர் மனம் தளரவில்லை. 1973-இல் டாலடேகா விபத்தில் படுகாயமுறும் வரை தொடர்ந்து ஓட்டினார். நாஸ்காரின் உயர்நிலைப் பந்தயங்களில் 495 முறை கலந்துகொண்டார். வெற்றி அந்த ஒன்றுதான். 1990-இல் மறைந்தார்.

2015-இல் நாஸ்கார் புகழ்மன்றத்தில் அவர் பெயர் இடம்பெற்றது. 2021 ஆகஸ்டில், ஏறத்தாழ 58 ஆண்டுகள் கழித்து, அவ்வெற்றிக்கான கோப்பை குடும்பத்தாரிடம் வழங்கப்பட்டது. பெற்றுக்கொள்ள வேண்டியவர் அப்போது இல்லை.

பிறருக்குரியதை மறுப்பது மட்டுமன்று, தாமதிப்பதும் அநீதியே. இல்லத்திலும் பணியிடத்திலும் உரியவர்க்கு உரியதை உரிய வேளையில் வழங்குவோமாக!